டீச்சர் குடுத்த ரெண்டு வார்த்தை

கூடையை உன் காலுக்கிட்டத் தள்ளி வச்சுக்கிறேன் தாயி, கோவிச்சுக்காத. ஒழுகுற சாமான் ஒண்ணும் இல்ல. முருங்கைக்கீரை. எங்க வீட்டு மரத்துல காலையில ஒடிச்சது. பேத்திக்குக் கொண்டு போறேன். பேத்திக்கு மட்டும்தான். அந்த வீட்டுல வேற யார் வாயிலயும் அது போகக் கூடாது. போகும், எனக்குத் தெரியும். ஆனா நான் குடுத்தது பேத்திக்கு.

மேல இருக்கிறது சோத்துப் பொட்டலம். எலுமிச்சஞ்சோறும் ஒரு துண்டு நார்த்தங்கா ஊறுகாயும். அது எனக்கு. போற எடத்துல நான் கை நனைக்க மாட்டேன். தண்ணி பாட்டிலும் இந்தா இருக்கு பாரு. பஸ் ஸ்டாண்டுல ஒரு நெழலாப் பாத்து உக்காந்து தின்னு முடிச்சு, வாயைக் கொப்புளிச்சுட்டுத்தான் அந்த வீட்டு வாசப்படியை மிதிப்பேன்.

நீ எங்க போற? சங்கரன்கோவிலாத்தான் இருக்கும். கோவில்பட்டியில இந்த வண்டி ஏறுறவங்க முக்காவாசிப் பேரு அங்கதான் போவாங்க. நல்லதாப் போச்சு. கடைசி வரைக்கும் பேச்சுத் தொணை. உன்னப் பாத்தாலே தெரியுது, நல்ல வீட்டுப் பிள்ள, வாயத் தொறக்க மாட்ட. எனக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளத்தான் பிடிக்கும்.

அந்தா, படிக்கிட்ட நிக்காரே கண்டக்டரு, அதே வேலைதான் எங்க வீட்டுக்காரரும் பாத்தாரு. இதே ரோட்டுல, தனியார் வண்டியில. அவரு பஸ் ஸ்டாண்டுல நின்னு "கழுகுமலை, சங்கரன்கோவில்"னு ஒரு கூப்பாடு போட்டா, நான் வேலை பாத்த தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் கேக்கும். கூட வேலை பாக்குற பொம்பளைக எல்லாம், "ஏ செம்பகம், ஒன் வீட்டுக்காரரு வண்டி எடுத்துட்டாரு"ன்னு சிரிப்பாளுக. அப்படிப்பட்ட கொரலு. இந்தக் கண்டக்டரு கொரலும் ஒரு கொரலா? தொண்டையில கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி.

அந்தக் கொரலு இப்ப இல்ல. போன கார்த்திகையில பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கையில ஒரு பக்கமா சாஞ்சுட்டாரு. மதுரைக்குக் கொண்டு போனோம். உசுரு தங்குச்சு, காலு தங்குச்சு, கையில பாதி தங்குச்சு. பேச்சு மட்டும் போயிருச்சு. புத்தி எல்லாம் தெளிவா இருக்கு, நாம பேசுறது வெளங்குது, ஆனா சொல்லு வெளிய வர மாட்டேங்குது. வாசல் வரைக்கும் வந்து நின்னுக்கிருமாம். டாக்டரு அப்படித்தான் சொன்னாரு.

நான் கை நனைக்காத அந்த வீட்டுக்காரி யாருன்னு கேக்குறியா? கேக்கத்தான செய்வ. சொல்றேன்.

அவ என் சம்பந்தி. லோகநாயகி டீச்சர். என் மகன் சீனிராஜ் இருக்கானே, அவன் பொண்டாட்டி அனுசுயாவுக்கு அம்மா. சங்கரன்கோவில்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. இப்பவும் வீட்டுல பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்குறா. கீழ் வீட்டுல அவ, மாடியில என் மகன் குடும்பம். பேருதான் மாடி வீடு. அடுப்பு எல்லாம் கீழதான். அதனால மகன் வீட்டுல ஒரு வாய் தின்னாலும் அது அவ சோறுதான். வெளங்குதா?

நிச்சயதார்த்தத்தன்னைக்கு நடந்த கதை இது. ஜமுக்காளம் விரிச்சு ரெண்டு பக்கத்து ஆளுகளும் உக்காந்திருக்கோம். தாம்பாளம் மாத்தல, அதுக்கு முன்னால. எங்க வீட்டுக்காரரு, பாவம், வந்த எடத்துல நாலு நல்ல வார்த்தை பேசுவோம்னு ஆரம்பிச்சாரு. கண்டக்டரு வேலை பாத்தவரு, நாலஞ்சு இங்கிலீஷு நாக்குல கிடக்கும். "எங்க பையன் ரொம்ப குவைட்டான பையன் டீச்சர், அதிர்ந்து பேச மாட்டான்" அப்படின்னாரு.

சரிங்கன்னு விடலாம்ல? விடல. கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு, அத்தன சனத்துக்கு முன்னால, "அண்ணாச்சி, அது குவைட் இல்ல, குவயட். ரெண்டும் எழுதுறதுக்குக் கிட்டக்கிட்ட ஒரே மாதிரி இருக்கும். அர்த்தம் வேற. குவயட்னா அமைதி. குவைட்னா முழுசா, நல்லா அப்படின்னு அர்த்தம்" அப்படிங்கா. சம்பந்தம் பேச வந்த மனுசன ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சுல உக்கார வச்ச மாதிரி.

எனக்கு வயிறு எரிஞ்சுருச்சு. இவரு மொகம் எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிற? சிரிச்சாரு. அவமானத்துல சிலபேரு சிரிப்பாங்கல்ல, அப்படி. "இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்"னு கேட்டு, ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தாரு. அப்புறம் என்னமோ ஒண்ணு சொன்னாரு. ரெண்டு பக்கத்து ஆளுகளும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என்ன சொன்னாருங்கிறது இப்ப எதுக்கு.

அன்னைக்கு எடுத்த முடிவு தாயி. பொண்ண எடுக்குறோம், மறுக்கல. பிள்ள மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா என் புருசன அவமானப்படுத்துன வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். நிச்சயதார்த்த விருந்துக்கு எல போட்டாங்க. எனக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டேன். இவரு உக்காந்து பாயாசத்த ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாரு. ஆம்பளைகளுக்கு எங்க ரோசம் இருக்கு.

கல்யாணச் சாப்பாடு மண்டபத்துல, அது வேற கணக்கு, அங்க சாப்பிட்டேன். ஆனா அவ வீட்டுல இன்னைக்கு வரைக்கும் இல்ல. பேத்தி பொறந்து, பேரு வச்சு, மொட்ட போட்டு, காது குத்தி, இப்ப அஞ்சாங்கிளாஸ் படிக்கா. அத்தன விசேசத்துக்கும் போயிருக்கேன். கை நனைச்சதில்ல. வாழப்பழம் தின்னுருக்கேன், உரிச்சுத் திங்கிறதுல கை எங்க நனையுது? காப்பி குடிப்பேன். காப்பியும் அதுல சேராது, டம்ளர் சூட்டுல கை காஞ்சுதான போகுது. சோறு மட்டும் இல்ல.

அவளுக்கு அது தெரியும். ஒவ்வொரு தடவையும், "செம்பகம் மதினி, எல போட்டுட்டேன், வாங்க"ன்னு கூப்பிடுவா. "பசியில்ல மதினி"ம்பேன். "சரி மதினி"ன்னுட்டு அந்த எலய மடக்காம அப்படியே வச்சிருப்பா, நான் கிளம்புற வரைக்கும். எதுக்கு? நாலு பேரு பாக்கட்டும், பாத்துட்டு என்னத் திட்டட்டும்னுதான். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாத்துக்கோ.

இவரு என்ன செஞ்சாருங்கிற? வீட்டுக்கு வந்து கை கழுவுறப்ப, செருப்பு மாட்டுறப்ப, "குவைட்... குவயட்... குவைட்..."னு தனக்குத் தானே சொல்லிக்கிருவாரு. அம்புட்டு ரணம் மனசுல. ஆறவே இல்ல. நான் ஒரு நாள் கேட்டேன், "இன்னும் அத நெனச்சு வேதனப்படுறீங்களா"ன்னு. "சொல்லிப் பாக்க நல்லா இருக்குடி"ன்னாரு. வேதனைய என்கிட்டயே மறைச்சவரு.

ஏன் எந்திரிக்கிற? உக்காரு, உக்காரு. கழுகுமலை வந்திருக்கு. கழுகுமலைக்காரங்க எறங்குறாங்க. கூட்டத்தோட கூட்டமா நீ எந்திரிச்சேன்னா ஜன்னல் சீட்டப் பறிகொடுத்துருவ. அந்தா பாரு, சாக்கு மூட்டைய வச்சுக்கிட்டு ஒருத்தன் உன் சீட்டையே பாக்கான். இந்தக் கைய விடு, கம்பிய எதுக்குப் பிடிக்க. நான் பாத்துக்கிறேன். ஏய், இங்க ஆளு இருக்குப்பா, பின்னால போ.

எதுல விட்டேன்? ஆங், பேச்சு.

மதுரை ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு சின்னப் பொண்ணு வந்தா. அவ சொன்னா, "அம்மா, அவரு சொல்ல வர்றத நீங்க முந்திச் சொல்லாதீங்க. காத்திருங்க"ன்னு. நான் காத்திருக்காமலா இருந்தேன்? ஒரு மூச்சு விடுற நேரம் காத்திருந்தேன். புருசன் திணறுறதப் பாத்துக்கிட்டு எந்தப் பொம்பள தாயி சும்மா இருப்பா? "த"ன்னு ஆரம்பிச்சா தண்ணி குடுத்துருவேன். "து"ன்னா தூக்கம் வருதான்னு கேட்டுப் படுக்க வச்சுருவேன். ஒரு நாள் துண்டு கேட்டிருக்காரு. அத நான் எப்படிக் கண்டேன். குளிச்ச ஈரத்தோட படுக்க வச்சுட்டேன். மொறச்சுக்கிட்டே படுத்திருந்தாரு.

பாக்க வர்றவங்க, "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி"ன்னு அவரக் கேப்பாங்க. "நல்லா இருக்காரு, ரெண்டு இட்லி சாப்பிட்டாரு"ன்னு நான் சொல்லிருவேன். அவருக்கு எதுக்குச் சிரமம்? நாள் பூரா நான் அவர்கிட்டப் பேசிக்கிட்டேதான் இருப்பேன். காது வழியா போனாத்தான வாய் வழியா வரும்.

தை பொறந்து கொஞ்ச நாளு கழிச்சு அந்த டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தா. நான் கூப்பிடல. "அண்ணாச்சியப் பாக்கணும்"னு வந்தா. வந்தவ ஆரஞ்சுப் பழத்தக் குடுத்தமா, ரெண்டு வார்த்தை விசாரிச்சமா, போனமான்னு இல்ல. வீட்டு முத்தத்துல அவருக்கு எதுக்க நாற்காலியப் போட்டு உக்காந்தா. அங்க நான் ஒடிச்சுப் போட்டிருந்த முருங்கைக்கீரையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. "அண்ணாச்சி, உங்க மகன் பேரு என்ன?" அப்படின்னு கேட்டா. கேட்டுட்டு, அவரப் பாக்கவே இல்ல தாயி. குனிஞ்சு கீரைய உருவ ஆரம்பிச்சுட்டா.

நான் திகைச்சுப் போனேன். கேள்வி கேட்டவ மொகத்தப் பாக்க வேண்டாமா? அந்த மனுசன் அங்க வாய் கோணித் தவிக்காரு, இவ என்னமோ சந்தைக்கு வந்தவ மாதிரி கீரைய உருவுறா. "சீனிராஜ்"னு நான் சொல்லிட்டேன். நிமிந்து என்னப் பாத்தா. அடுத்த கேள்வி. திரும்பக் கீரை. "கோவில்பட்டி"ன்னு நான் சொன்னேன். அடுத்தது. அதையும் நான்தான் சொன்னேன். கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டாமா? வீட்டுக்கு வந்தவளுக்கு அந்த மரியாத கூடவா குடுக்காம இருப்பேன்?

அப்பத்தான் சொல்றா, "மதினி, மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா வர்ற பதிலும் வராது. டியூசன் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். நம்ம கை வேற வேலையில இருந்தா, அவசரமில்லைன்னு அவங்களுக்குத் தெரியும். தானா வரும்." எப்படி இருக்கு நியாயம்? சீக்காளிய உக்கார வச்சுட்டு வீட்டு வேலை பாக்குறதுக்கு ஒரு பாடம் வேற.

நான் காப்பி போட அடுப்படிக்குப் போனேன். அங்க இருந்து கேக்குது. "அண்ணாச்சி, அன்னைக்கு நிச்சயதார்த்தத்துல ரெண்டு வார்த்தை சொன்னமே, ஞாபகம் இருக்கா? அமைதிக்கு எது, முழுசாங்கிறதுக்கு எது?" அப்படிங்கா.

என் கையில பால் சட்டி. எந்த வார்த்தையால அவர அடிச்சாளோ, அதையே சீக்குல கிடக்குறப்பவும் எடுத்து நீட்டுறா. அவரு பேசல. கீரை உருவுற சத்தம் மட்டும் சரக்கு சரக்குன்னு கேக்குது. எம்புட்டு நேரம் பொறுக்க? அடுப்படியில இருந்தே கத்துனேன். "குவயட்னா அமைதி. குவைட்னா முழுசா. மூணாங்கிளாஸ் படிச்ச எனக்கே தெரியும், போதுமா?"

அதுக்கு அவ சொன்னா பாரு. என் வீட்டுல உக்காந்துக்கிட்டு, என் கீரைய மடியில வச்சுக்கிட்டு, "மதினி, நீங்க கொஞ்சம் குவயட்டா இருங்க" அப்படின்னா.

நான் பேசல. பேச முடியல. பால் பொங்கி அடுப்புல வழியுது, அதக்கூட எறக்கல. அப்படி ஒரு ஆங்காரம்.

அப்பத்தான் தாயி, முத்தத்துல இருந்து ஒரு சத்தம். மொத அது யாரு கொரலுன்னே தெரியல. துருப்பிடிச்ச கேட்டத் தொறந்த மாதிரி. "கு... வைட்." கொஞ்ச நேரம் கழிச்சு, "குவ... யட்."

கார்த்திகைக்குப் பிறகு அவரு வாயில இருந்து வந்த மொத வார்த்தை அது.

ஓடி வந்து பாக்கேன். அவரு சிரிக்காரு, ஒரு பக்கமா. கண்ணுல தண்ணி. அந்த டீச்சரும் கண்ணாடியக் கழட்டிக்கிட்டு சிரிக்கா. ரெண்டு பேரும் சேந்து என்னப் பாத்து சிரிக்காங்க. சந்தோசமா இல்லையான்னு கேக்காத. சந்தோசந்தான். ஆனா நான் நெனச்சிருந்தது என்ன? பேச்சு வந்தா மொத எம் பேரு வரும்னு நெனச்சேன். எம் பேரு இல்லைன்னா மகன் பேரு. பேத்தி பேரு. சாமி பேரு வந்தாலும் சரின்னு இருந்திருப்பேன். அவருக்கு மருந்து குடுத்தது நான், ஊட்டுனது நான், தொடச்சது நான். வந்தது அவ குடுத்த ரெண்டு வார்த்தை.

வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன். "என் வீட்டுல வந்து என் வாயையே மூடச் சொல்ற, அன்னைக்கு அவரு, இன்னைக்கு நானா"ன்னு. அவரு கைய ஆட்டி வேண்டாம் வேண்டாம்னாரு. "நீங்க சும்மா இருங்க, உங்களுக்காகத்தான் பேசுறேன்"னேன். காப்பிய முழுசாக் குடிக்காம எந்திரிச்சுப் போனா அவ. கீரைய மட்டும் உருவி முடிச்சு முறத்துல வச்சுட்டுப் போனா. அதுலயும் ஒரு குத்தல்.

அதுக்குப் பிறகு அவரு வாயத் தொறக்கல. சோத்தையும் சரியாத் திங்கல. மகன் வந்து பாத்தான். "அம்மா, கொஞ்ச நாளைக்கு அப்பா எங்ககூட இருக்கட்டும், அத்தை சொல்லிக் குடுப்பாங்க"ன்னு கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான். நானும் வரலாமாம். மாடியில எடம் இருக்காம். அந்தச் சோத்தத் தின்னுக்கிட்டா? மாட்டேன்னுட்டேன்.

இப்ப அவரு பேசுறாராம். கனிஷ்கா, அதான் என் பேத்தி, போன் பண்ணிச் சொல்லுது. "ஆச்சி, தாத்தா இன்னைக்குப் பால்காரர்கிட்டப் பேசுனாரு. ஆச்சி, தாத்தா எம் பேரு சொன்னாரு." டியூசன் பிள்ளைகளோட உக்காந்து அவரும் ஜோடி ஜோடியா இங்கிலீஷ் வார்த்தை சொல்றாராம். அந்தப் பொடிசுக எல்லாம் "தாத்தா இன்னொன்னு"ன்னு கேக்குதுகளாம்.

ஊர்ல இருக்கிற அத்தன பேர்கிட்டயும் பேசுறாரு தாயி. என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்காரு.

வாரா வாரம் போறேன். அவருக்குப் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவேன். மாடு கன்னு போட்டது, எதுத்த வீட்டுக்காரன் நம்ம எடத்துல அரை அடி தள்ளிச் சுவரு எழுப்புனது, தெருவுல பைப்பு ஒடஞ்சது. ஒண்ணு விடாமச் சொல்லுவேன். கேட்டுக்கிட்டே இருப்பாரு. வாயத் தொறப்பாரு. மூடிக்கிருவாரு. திரும்பத் தொறப்பாரு, மூடிக்கிருவாரு. சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாயிரும். ஒரு வார்த்தை இல்ல. மந்திரம் போட்டு வச்சிருக்கா. வேற என்ன?

போன தடவ பேத்தி சொல்லுது, "ஆச்சி, தாத்தா வாயத் தொறந்தாங்கல்ல, அப்ப நீங்க பேசிட்டீங்க." அந்தப் பச்ச மண்ணுக்கு அப்படிப் பேசத் தெரியுமா? எல்லாம் அந்த டீச்சர் சொல்லிக் குடுக்குறது. நிச்சயதார்த்தத்தன்னைக்கு இவரு சொன்ன அந்த வார்த்தையையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கா. "டீச்சர், எங்க வீட்டுல எல்லாருமே குவயட்தான், ஒரு ஆளத் தவிர"ன்னு சொன்னாராம். சொன்னாருதான். அதுக்குத்தான் சிரிச்சாங்க. அவ அந்தப் பேச்ச எடுக்கலைன்னா இவரு அப்படிச் சொல்லியிருப்பாரா? எங்க போயி நின்னாலும் குத்தம் அவ மேலதான வருது?

இன்னைக்கு முடிவோட போறேன். அவரக் கையோட கூட்டிட்டு வந்துருவேன். பேசுனாலும் சரி, பேசாட்டியும் சரி. எம் புருசன் என் வீட்டுல இருக்கட்டும். அந்த டீச்சரு எலயப் போட்டுக்கிட்டுக் கூப்பிட்டா, "அந்த எலயில நீயே உக்காந்து தின்னு"ன்னு சொல்லிட்டு...

என்ன கண்டக்டரே? டிக்கெட்டு வாங்கியாச்சு. எனக்கும் வாங்கியாச்சு, இந்தப் பிள்ளைக்கும்...

யாரு கழுகுமலை?

இந்தப் பிள்ளையா?

ஏம் தாயி, கழுகுமலையா நீ எறங்கணும்? கழுகுமலை போயி எம்புட்டு நேரமாச்சு. அப்பவே சொல்ல வேண்டாமா? வாயி இருக்குல்ல? சொல்ல வந்தியா? எப்ப வந்த? நான் பாக்கவே இல்லையே.

இங்க பாருங்க கண்டக்டரே, நீங்க ஒண்ணும் நியாயம் பேச வேண்டாம். அந்தப் பிள்ள எந்திரிச்சத நீங்க பாத்தீங்கன்னா நீங்க விசில் அடிக்கலாம்ல? நான் எங்க கையப் பிடிச்சு இழுத்தேன்? சீட்டு போயிருமேன்னு பிடிச்சேன். ரெண்டு தடவையா? ரெண்டு தடவ எந்திரிச்சுச்சா? எங்க வீட்டுக்காரரு கண்டக்டரா இருந்தப்ப ஒரு ஆளு எறங்காம வண்டிய எடுத்ததில்ல, தெரிஞ்சுக்கோங்க. சரி, சரி, அடுத்த ஸ்டாப்பிங்ல எறக்கி விடுங்க. எதுத்தாப்புல வர்ற வண்டியில ஏறிக்கிரும்.

அடுத்த ஸ்டாப்பிங் வர இன்னும் நேரம் இருக்காம். உக்காரு.

நீயும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும் தாயி. மனசுக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கும்? தொட்டுச் சொல்லியிருக்கலாம். தொட்டியா? ரெண்டு தடவ வாயத் தொறந்தியா?

வாயத் தொறந்து... மூடிக்கிட்டியா.

போன் அடிக்குதே. என்னோடதா? பைக்குள்ள கெடக்கு. இந்தா, இதுல எத அமுக்கணும், நீ அமுக்கிக் குடு. இந்தப் பச்சையா?

யாரு? கனிஷ்காவா? ஆமா தாயி, பஸ்லதான் வாறேன். கழுகுமலை தாண்டியாச்சு. என்னது? தாத்தாவா? என்கிட்டயா? குடு, குடு. ஏங்க, நல்லாருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா, அந்தக் கால் வீக்கம் எப்படி...

ஒண்ணுமில்ல.

நீங்க சொல்லுங்க.

தாயி, இங்கன பாரு, அந்தக் கீரைக் கட்ட எடுத்து என் மடியில வையி. அவுக்க வேண்டாம், நான் அவுத்துக்கிறேன். இந்தப் போனக் கொஞ்சம் என் காதோட பிடி. எனக்கு ரெண்டு கையும் வேணும். மெல்ல. பேசாத.

ம்.

ம்.

ம்.

இல்லங்க. இன்னும் சாப்பிடல.

அங்க வந்து சாப்பிடுறேன்.

வச்சுட்டாரு. எடுத்துரு தாயி, கை வலிச்சிருக்கும் உனக்கு. பைக்குள்ள போட்டுரு.

கேட்டுச்சா உனக்கு? "சாப்பிட்டியா"ன்னு கேட்டாரு. வண்டி விட்டு வந்து பையக் கழட்டுனதும் மொதல்ல அதத்தான் கேப்பாரு, கல்யாணம் ஆன நாள்ல இருந்து. பாதி கேக்கும்போதே நான், ஆச்சு ஆச்சு, நீங்க கை கழுவுங்கன்னுருவேன். இன்னைக்குத்தான் கடைசி எழுத்து வரைக்கும் கேட்டேன். எம்புட்டுக் கீரை உருவிட்டேன் பாரு, அவரு அதச் சொல்லி முடிக்குறதுக்குள்ள. ஆனா முழுசாச் சொன்னாரு. அதுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு. வேண்டாம். அவ வார்த்தை எனக்கு எதுக்கு.

அவ கொழம்புல புளியும் இருக்காது, உறைப்பும் இருக்காதுன்னு மகனே சொல்லியிருக்கான். அவரு கேட்டாருன்னு ஒரு வாய் வைக்கப் போறேன், அம்புட்டுத்தான். அவளுக்காக இல்ல. அவகிட்ட நான் பேசவும் மாட்டேன். பேசாம உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சுருவேன்.

இந்தா, இந்தப் பொட்டலத்த நீ வச்சுக்கோ. திரும்பி வண்டி வர எம்புட்டு நேரமாகுமோ, நிழல்ல நின்னு தின்னு. வேண்டாம்னு சொல்லாத. எனக்கு இனி அது எதுக்கு. நார்த்தங்கா உள்ள இருக்கு, பாத்துப் பிரி, சேலையில பட்டா கறை போகாது.

ஆமா, உன் பேரென்ன தாயி? கழுகுமலையில யாரப் பாக்கப் போற?

சொல்லு. ஸ்டாப்பிங் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. மெல்லச் சொல்லு.

நான் கீரை உருவுறேன்.